அத்தியாயம் 7: கன்சல்டன்சி, ஹெட்ஹன்டர் வழியாக வேலை தேடுவது எப்படி?

"கன்சல்டன்சியில ரெஸ்யூம் கொடுத்து மூணு மாசமாச்சு, ஒரு போன்கூட வரல." வேலை தேடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. வேலையே தேடாமல் இருந்தவருக்கு ஒரு நாள் போன் வந்து, நல்ல கம்பெனியில் நல்ல சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தியும் நமக்குப் பழக்கமானதுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கன்சல்டன்சிக்காரர் கம்பெனிக்கு ஆள் தேடுகிறார். உங்களுக்கு வேலை தேடித் தருவது அவர் தொழில் இல்லை.

இது மனத்தில் பதிந்துவிட்டால் அவரிடம் எதைக் கேட்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது, எந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் விளக்கம்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார். ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் அந்த வழக்கம் கிடையாது. முறையான கன்சல்டன்சிக்குக் கம்பெனி மட்டுமே பணம் தரும். இந்தியாவில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு, ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். கிடைப்பதற்கு அரிய திறமை, மேல்நிலைப் பதவி என்றால் விகிதம் கூடும். மொத்தமாக ஆள் எடுக்கும்போது குறையும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு ஏறக்குறைய 1 லட்சம் கிடைக்கும்.

அந்தப் பணமும் சுலபத்தில் கைக்கு வராது. நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும். பெரும்பாலும் 60 முதல் 90 நாள் வரை ஒரு கெடு இருக்கும். அதற்குள் நீங்கள் வேலையை விட்டுப் போனால் கன்சல்டன்சி இலவசமாக வேறு ஆள் தர வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே இடத்துக்கு நாலைந்து கன்சல்டன்சிகள் ஆள் அனுப்பும். யார் அனுப்பிய ஆள் சேர்கிறாரோ அவருக்கு மட்டுமே காசு.

இதிலிருந்து உங்களுக்குப் புரிய வேண்டியவை:

• உங்கள் ரெஸ்யூம் கையில் இருக்கும் இடத்துக்குப் பொருந்தினால் மட்டுமே கூப்பிடுவார். பொருந்தாதபோது பதில் வராதது உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு ஆகாது.

• அவசரப்படுத்துவார். மற்றவர்களுக்கு முன் உங்கள் ரெஸ்யூம் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு.

• உங்கள் சம்பளம் கூடினால் அவர் பங்கும் கூடும் என்பது உண்மை. ஆனால் 50,000 கூட்டிக் கேட்டு மொத்தமும் கெட்டுப்போவதைவிட, இருக்கிற தொகைக்கு முடித்துவிடுவதே அவருக்கு லாபம். ஆகவே உங்களுக்காகக் கடைசிவரை பேரம் பேசுவார் என்று நம்பி இருக்க வேண்டாம்.

• துறை மாற நினைப்பவர், சில ஆண்டுகள் இடைவெளி விட்டவர், இப்போதுதான் படிப்பை முடித்தவர் ஆகியோருக்குக் கன்சல்டன்சி அதிகம் உதவாது. காசு கொடுக்கும் கம்பெனி அச்சு அசலாகப் பொருந்தும் ஆளையே கேட்கும். இவர்கள் தெரிந்தவர் சிபாரிசு, நேரடி விண்ணப்பம் ஆகிய வழிகளுக்கே முதலிடம் தர வேண்டும்.

போனில் பேசுகிறவர் யார்?

வேலை விஷயமாக உங்களைக் கூப்பிடுகிறவர்களில் நான்கு வகை உண்டு. யார் எந்த வகை என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, கம்பெனியின் சொந்த எச்.ஆர். பிரிவில் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர். கம்பெனியின் பெயரிலேயே மின்னஞ்சல் வரும். முடிவெடுப்பவர்களுக்கு அருகில் இருப்பவர் என்பதால் இவர் சொல்லும் தகவல் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரண்டாவது வகை, மேலே சொன்ன கன்சல்டன்சி. ஆள் சேர்ந்தால்தான் காசு. சென்னை, கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் நடுத்தர வேலைகளுக்கு நீங்கள் பெரும்பாலும் சந்திக்கப்போவது இவர்களைத்தான். இரண்டு பேர் உட்கார்ந்து நடத்தும் சிறிய அலுவலகங்களும் உண்டு, நாடெங்கும் கிளை பரப்பிய பெரிய நிறுவனங்களும் உண்டு. பின்னாளில் தமிழக அமைச்சரான கே. பாண்டியராஜன் 1992-ல் சென்னையில் தொடங்கிய மா ஃபா இப்படி வளர்ந்து, நெதர்லாந்தின் ரான்ட்ஸ்டாட் குழுமத்தில் சேர்ந்தது. அலுவலகத்தின் அளவைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். உங்கள் துறையில் ஆழமாக வேலை செய்கிறவரா என்பதைப் பாருங்கள். வார்ப்பட ஆலைகளுக்கு மட்டுமே ஆள் எடுக்கும் கோவைக்காரர் ஒருவருக்குத் தெரிந்திருப்பது, எல்லாத் துறைக்கும் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனத்துக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது வகை, ஹெட்ஹன்டர் என்று சொல்லப்படும் உயர்பதவித் தேடல் நிறுவனம். ஒரு பதவிக்கு ஒரே நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்து, ஆள் கிடைப்பதற்கு முன்பே தவணை தவணையாகக் கம்பெனி பணம் தரும். முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது உலகளவில் இருக்கும் வழக்கம். கார்ன் ஃபெர்ரி, ஈகோன் ஜென்டர், ஸ்பென்சர் ஸ்டூவர்ட் போன்றவை இந்த வகை. தலைமை நிதி அதிகாரி, ஆலைத் தலைவர் போன்ற பதவிகளுக்கு இவர்கள் வருவார்கள்.

நான்காவது வகை, ஸ்டாஃபிங் நிறுவனம். இங்கே நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒரு கம்பெனியில், சம்பளம் தருவது இன்னொரு கம்பெனி. 'தேர்ட் பார்ட்டி பேரோல்' என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். தவறான ஏற்பாடு ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனிக்குள் நுழைய இது ஒரு வழியாகவும் அமையும். ஆனால் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆஃபர் லெட்டரில் வேறொரு பெயர் வந்தபின் திகைத்து நிற்பவர்கள் நிறைய. அதனால் "பேரோல் யாருடையது?" என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், பி.எஃப். பிடிப்பார்களா, மருத்துவக் காப்பீடு உண்டா, நிரந்தரமாக்கும் வாய்ப்பு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்களைத் தேடினால் கிடைக்கும்படி இருங்கள்

கன்சல்டன்சியில் இருப்பவர் ரெஸ்யூம்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கம்பெனியிடமிருந்து வேலை விவரம் வந்ததும் நௌக்ரி, லிங்க்டுஇன் போன்ற தளங்களைத் திறந்து நாலைந்து சொற்களைப் போட்டுத் தேடுவார். கூடவே எத்தனை ஆண்டு அனுபவம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் நோட்டீஸ் என்று வடிகட்டுவார். அண்மையில் தளத்துக்கு வந்து போனவர்களையே முதலில் பார்ப்பார். வருகிற பட்டியலில் மேலே இருக்கும் சிலருக்குப் போன் போகும். அத்துடன் அந்த வேலை முடிந்தது.

அந்தப் பட்டியலில் நீங்கள் வர வேண்டுமானால் தலைப்பு வரியைத் தெளிவாக எழுதுங்கள். 'சவாலான வாய்ப்பைத் தேடும் உழைப்பாளி' என்று யாரும் தேடுவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"குவாலிட்டி இன்ஜினியர், 8 ஆண்டு, ஆட்டோ உதிரிபாகங்கள், ஐஏடிஎஃப் 16949 தணிக்கை அனுபவம், ஓசூர், நோட்டீஸ் 60 நாள்."

"ஜாவா டெவலப்பர், 6 ஆண்டு, ஸ்பிரிங் பூட், வங்கித் துறை, சென்னை, நோட்டீஸ் 30 நாள்."

இந்த ஒரே வரியில் அவருக்கு வேண்டிய வடிகட்டிகள் எல்லாம் அடங்கிவிட்டன. நீங்கள் இதை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். வரிசை இதுவே இருக்கட்டும்.

வாரம் ஒரு முறையாவது தளத்துக்குள் போய் ஏதேனும் ஒரு சிறு திருத்தம் செய்யுங்கள். நோட்டீஸ் காலத்தை மறைக்காதீர்கள். சென்னை ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் அது 90 நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸில் இருப்பவராக இருந்தால் கடைசி வேலை நாளின் தேதியையே எழுதுங்கள். 'இமீடியட் ஜாயினர்' தேடுகிறவருக்கு அந்தத் தேதி பெரிய ஈர்ப்பு.

இப்போது வேலையில் இருக்கிறீர்களா? உங்கள் கம்பெனி எச்.ஆர். பிரிவும் அதே தளங்களில்தான் ஆள் தேடுகிறது. குறிப்பிட்ட கம்பெனிகளின் கண்ணில் படாமல் ரெஸ்யூமை மறைக்கும் வசதி நௌக்ரியில் இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

முதல் போன்

முதல் அழைப்பு ஐந்து நிமிடம்கூட நீடிக்காது. அதற்குள் அவர் உங்களை எடைபோடுகிறார், நீங்களும் அவரை எடைபோட வேண்டும். நல்ல பேச்சு இப்படி இருக்கும்:

"சார் வணக்கம், உங்க ப்ரொஃபைல் நௌக்ரில பார்த்தேன். ஜாப் சேஞ்ச் பார்க்கறீங்களா?"

"நல்ல ஓப்பனிங்னா பார்க்கறேன் மேடம். எந்த கம்பெனிக்கு?"

"இப்போதைக்கு பேர் சொல்ல முடியாது சார், ஒரு பெரிய எம்.என்.சி. ஓ.எம்.ஆர்.ல இருக்கு. ரெஸ்யூம் உடனே அனுப்பிடுங்க."

"வேலை விவரம் மெயில்ல அனுப்புங்க மேடம், இன்னிக்கே பார்த்துட்டு சொல்றேன். ஆனா கம்பெனி பேர் தெரியாம என் ரெஸ்யூம் எங்கயும் போக வேண்டாம். ஏற்கெனவே நான் சில இடத்துல அப்ளை பண்ணியிருக்கேன், டூப்ளிகேட் ஆனா உங்களுக்கும் பிரச்சினை."

"சரி சார். ஜே.டி. அனுப்பறேன். இன்ட்ரஸ்ட் இருக்குன்னு ரிப்ளை பண்ணுங்க, கம்பெனி பேர் சொல்லிட்டுத்தான் சப்மிட் பண்ணுவேன்."

இங்கே யாரும் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. மறுத்ததற்கான காரணத்தை அவருடைய நலனோடு சேர்த்துச் சொன்னதால் அவரும் இறங்கி வந்தார். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்வார். சொல்லவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவரை விட்டுவிடலாம்.

அதே அழைப்பில் கேட்க வேண்டிய மற்ற கேள்விகள்: இந்த இடம் புதிதாக வந்ததா, யாரோ விட்டுப் போனதா? எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது? ஒதுக்கியிருக்கும் சம்பளம் எதிலிருந்து எதுவரை? இன்டர்வியூ எத்தனை சுற்று? வாரத்தில் எத்தனை நாள் ஆபீசுக்கு வர வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருந்தால், அவர் கம்பெனியோடு நேரடியாகப் பேசுகிறவர். ஒன்றுக்குமே பதில் தெரியவில்லை என்றால் அவர் மூன்றாம் கை, நாலாம் கையாக ரெஸ்யூம் திரட்டுகிறவராக இருக்கலாம்.

ஒரே இடத்துக்கு இரண்டு வழியாகப் போகாதீர்கள்

வேலை தேடுகிறவர்கள் பலர் அறியாமலே மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. கம்பெனியிடம் உங்கள் ரெஸ்யூமை முதலில் சேர்த்தவருக்கே உங்கள் மீது உரிமை. அது பல மாதங்கள் செல்லும்படி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டு கன்சல்டன்சிகள் உங்களை அனுப்பிவிட்டால், யாருக்குப் பணம் என்ற தகராறில் சிக்க விரும்பாமல் கம்பெனி உங்களையே ஒதுக்கிவிடக்கூடும். உங்கள் நண்பர் உள்ளே இருந்து சிபாரிசு செய்யத் தயாராக இருக்கும் கம்பெனிக்கு ஒரு கன்சல்டன்சி முந்திக்கொண்டால், சிபாரிசு வழி அடைபடும். கம்பெனி ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கொடுத்து எடுக்க வேண்டிய ஆளாகவும் ஆகிவிடுவீர்கள்.

தீர்வு எளிது. ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கம்பெனி, பதவி, யார் வழியாக, என்ன சம்பளம் கேட்டோம், இப்போது எந்த நிலை என்று ஆறு கட்டங்கள் போதும். ஒவ்வொரு முறையும் எழுத்தில் அனுமதி கொடுங்கள். மின்னஞ்சல் இப்படி இருக்கட்டும்:

"இன்ன கம்பெனியின் இன்ன பதவிக்கு மட்டும் என் ரெஸ்யூமை அனுப்ப உங்களுக்குச் சம்மதம் தருகிறேன். வேறு எந்த இடத்துக்கும் என்னைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். அனுப்பிய தேதியைத் தெரிவிக்கவும்."

மூன்றே வாக்கியம். நாளை தகராறு வந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

ரெஸ்யூமோடு எதைத் தரலாம், எதைத் தரக் கூடாது என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். பிறந்த தேதியும் பான் எண்ணும் கேட்பார்கள். ஒரே ஆள் இரண்டு வழியாக வந்தாரா என்று பார்க்கச் சில கம்பெனிகள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. கம்பெனி பெயர் தெரிந்த பிறகு கொடுக்கலாம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு ஆகியவை பின்னால் வரும் கட்டத்துக்கு உரியவை. ஓ.டி.பி. எண்ணை எந்தக் கட்டத்திலும் யாருக்கும் சொல்லக் கூடாது. இப்போதைய மேலாளரின் பெயரையும் எண்ணையும் ஆஃபர் கைக்கு வரும்வரை தராதீர்கள்.

சம்பளப் பேச்சு

"இப்ப சி.டி.சி. எவ்ளோ? எவ்ளோ எதிர்பார்க்கறீங்க?" என்ற இரண்டு கேள்விகளும் முதல் போனிலேயே வரும். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் பின்னால் கேட்கப்படும். பொய் வெளிப்பட்டால் கொடுத்த ஆஃபரையே ரத்து செய்வார்கள். எதிர்பார்க்கும் தொகையை மட்டும் உங்கள் விருப்பப்படி சொல்லலாம். முடிந்தால் "கம்பெனி ஒதுக்கியிருப்பது எவ்வளவு?" என்று அவரை முதலில் சொல்ல வையுங்கள். பெரும்பாலும் அவருக்கு அந்தத் தொகை தெரிந்திருக்கும்.

பேச்சு முழுவதும் சி.டி.சி.யில், அதாவது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையில், நடக்கும். வீட்டுச் செலவோ கைக்கு வரும் பணத்தில் நடக்கிறது. 12 லட்சம் என்று சொன்னதும் மாதம் 1 லட்சம் என்று கணக்குப் போடாதீர்கள். ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் 10 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய், செயல்திறனைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 6,00,000. கம்பெனியின் பி.எஃப். பங்கு அதில் 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 28,860. இந்த மூன்றும் போக மீதி 9,79,140. மாதத்துக்கு 81,595. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 6,000 பிடித்தபின் 75,595. தொழில் வரி போன்ற சில்லறைப் பிடித்தங்கள் இன்னும் பாக்கி.

அதனால் கன்சல்டன்சியிடம் தொகையை மட்டும் கேட்காதீர்கள். "இதில் நிலையான பகுதி எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, போன வருஷம் வேரியபிள் முழுசாகக் கொடுத்தார்களா, சேரும் போனஸை இடையில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா?" என்று கேளுங்கள். கம்பெனியிடம் நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருக்கும் இந்தக் கேள்விகளை இடையில் இருப்பவரிடம் தாராளமாகக் கேட்கலாம். அவரால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பயன்களில் இது ஒன்று.

இன்டர்வியூ முதல் வேலையில் சேரும் நாள் வரை

உங்கள் ரெஸ்யூம் தேர்வாகிவிட்ட அந்தக் கணத்திலிருந்து அவர் உங்கள் பக்கம் சாய்கிறார். நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் காசு. இந்தக் கட்டத்தில் அவரை முழுமையாகப் பயன்படுத்துங்கள். யார் இன்டர்வியூ எடுக்கப் போகிறார், அவர் எதில் அழுத்தம் கொடுப்பார், இதற்கு முன் போனவர்கள் ஏன் தேறவில்லை என்று கேளுங்கள். பத்துப் பேரை அனுப்பி ஒன்பது பேர் தேறாததை அவர் பார்த்திருப்பார். அந்த அனுபவம் உங்களுக்குக் கேட்டால் கிடைக்கும்.

இன்டர்வியூ முடிந்ததும் அன்றைக்கே அவருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: எப்படிப் போனது, என்னென்ன கேட்டார்கள். நான்கைந்து வேலை நாள் கழித்து ஒரு முறை நிலவரம் விசாரிக்கலாம். தினமும் போன் செய்வது வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வரும்முன் ராஜினாமா கொடுக்காதீர்கள். "ஓரலா கன்ஃபர்ம் ஆயிடுச்சு சார், இன்னிக்கே பேப்பர் போட்டுடுங்க" என்று அவசரப்படுத்தினாலும் அசையக் கூடாது. அவர் சொல்வதை அவர் நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசி நேரத்தில் கம்பெனி ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தால் அவருக்குப் போவது ஒரு கமிஷன், உங்களுக்குப் போவது சோறு போடும் வேலை.

உங்கள் பக்கமும் நேர்மை வேண்டும். கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்டு, சேரும் நாள் காலையில் போனை அணைத்துவைப்பது பலரிடம் இருக்கும் கெட்ட வழக்கம். உங்களுக்காக 90 நாள் காத்திருந்த ஒருவரின் உழைப்பை அது அழிக்கிறது. அவருடைய பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் ஏறும். மனம் மாறினால் தெரிந்த அன்றே போன் செய்து சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரை அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்கள்.

ஹெட்ஹன்டர் கூப்பிட்டால்

ஹெட்ஹன்டரிடம் நீங்களாகப் போய் ரெஸ்யூம் கொடுப்பதால் பெரிய பயன் இருக்காது. அவருக்குக் கொடுக்கப்பட்ட பதவிகள் சில. அவற்றுக்கு எந்தக் கம்பெனிகளில் யார் இருக்கிறார்கள் என்று அவரே வரைபடம் போட்டுத் தேடுவார். அவர் கண்ணில் படும் வழி உங்கள் துறையில் பெயர் தெரிய வாழ்வதுதான். தொழில் சங்கக் கூட்டங்களில் பேசுங்கள், உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள், முன்னாள் சகாக்களோடு தொடர்பை விடாதீர்கள்.

உங்களுக்கு விருப்பமில்லாத பதவிக்காகக் கூப்பிட்டாலும் பத்து நிமிடம் பேசுங்கள். பொருத்தமான வேறொருவரின் பெயரை, அவரைக் கேட்டுவிட்டு, சொல்லுங்கள். இன்றைக்கு உதவிய உங்களை, நாளை உங்களுக்கு ஏற்ற பதவி வரும்போது நினைப்பார். அதே நேரம் இப்போதைய கம்பெனியின் இரகசியங்களை, வாடிக்கையாளர் பெயர்களை, திட்டங்களைச் சொல்லாதீர்கள். அதையும் அவர் கவனிக்கிறார்.

உங்களிடம் பணம் கேட்டால்

உள்நாட்டு வேலைக்கு உங்களிடம் பணம் கேட்கும் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், 'பேக்டோர் என்ட்ரி', இன்டர்வியூ உறுதித் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் ஒன்றே. வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-வது உடன்படிக்கை முன்வைக்கும் கொள்கை. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. இருந்தும், காசு கம்பெனியிடமிருந்து வரும் தொழிலில் உங்களிடம் கேட்பதற்கு நியாயமான காரணமே இல்லை.

முதல் வேலை தேடும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அப்பாவின் சேமிப்பு, அம்மாவின் நகை என்று போன பணம் திரும்பி வருவது கடினம். ஆகவே வீட்டில் பெரியவர்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். எச்சரிக்கை அடையாளங்கள் இவை:

• இன்டர்வியூ இல்லாமல், அல்லது வாட்ஸ்அப் அரட்டையில் மட்டும் பேசி, ஆஃபர் லெட்டர் வருவது.

• பிரபல கம்பெனியின் பெயர் இருந்தும் மின்னஞ்சல் முகவரி பொதுச் சேவையில் இருப்பது.

• தனிநபர் கணக்குக்கோ யு.பி.ஐ. எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்வது.

• அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்வது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். அசல் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

• வேலை செய்யாத கம்பெனியின் பெயரில் 'எக்ஸ்பீரியன்ஸ்' சான்றிதழ் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்வது. பின்னணிச் சோதனையில் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். வரலாற்றைப் பார்த்தாலே எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்பது தெரிந்துவிடும். வேலையும் போகும், பெயரும் கெடும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆன்லைனில் போன பணத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குத் தொகையை முடக்கும் வாய்ப்பு கூடும். நேரில் கொடுத்த பணத்துக்குச் சென்னையில் இருப்பவர்கள் காவல் ஆணையர் அலுவலகத்தின் மத்திய குற்றப்பிரிவிலும், மற்ற மாவட்டத்தினர் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் புகார் தரலாம். ரசீது, குறுஞ்செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலை: சட்டம் வேறு

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தொழில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்கு உட்பட்டது. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் எடுக்கலாம். அவர் உங்களிடம் சேவைக் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். வரி 18 சதவீதம் சேர்த்தால் 35,400. ரசீது கட்டாயம். விசாவுக்கு 2 லட்சம், 3 லட்சம் என்று கேட்கிறவர் சட்டத்தை மீறுகிறார்.

முகவரின் பதிவு எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் பாஸ்போர்ட் வாங்கிச் சேர்க்கும் துணை முகவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் வரும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அதோடு 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையிலிருந்து இயங்கிவருகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090.

"இப்போ டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2022-ல் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள், தமிழ்நாட்டவர் உட்பட, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மறுத்தவர்கள் அடிபட்டார்கள். கணினி தெரிந்த, பட்டம் படித்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். படித்தவர்களுக்கு இந்த ஆபத்து வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. உங்கள் துறையில் ஆள் எடுக்கும் மூன்று நான்கு கன்சல்டன்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதே துறையில் அண்மையில் வேலை மாறியவர்களிடம் யார் வழியாகப் போனார்கள் என்று கேளுங்கள். ஐம்பது பேருக்கு ரெஸ்யூம் அனுப்புவதால் டூப்ளிகேட் சிக்கல்தான் மிஞ்சும்.

2. தளங்களில் தலைப்பு வரி, ஊர், நோட்டீஸ், சம்பளம் ஆகியவற்றைத் திருத்துங்கள்.

3. ஆறு கட்டப் பட்டியலைத் தொடங்குங்கள். சம்மத மின்னஞ்சலை எழுதித் தயாராக வையுங்கள்.

4. இப்போது கைக்கு வரும் சம்பளம், வேண்டும் சம்பளம், இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற சம்பளம் மூன்றையும் எழுதிவையுங்கள்.

5. தேடலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் சிபாரிசுக்கும் நேரடி விண்ணப்பத்துக்கும் கொடுங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும், தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் பதிவு செய்யுங்கள். இரண்டும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் விட்டுவிடாதீர்கள்.

கன்சல்டன்சி உங்களுக்குத் திறக்கும் பல கதவுகளில் ஒன்று. உங்கள் ரெஸ்யூம் எங்கே போகிறது, என்ன சம்பளத்துக்குப் போகிறது என்ற இரண்டையும் நீங்களே முடிவு செய்யுங்கள். மற்ற உழைப்பை அவரிடம் விடுங்கள். அதற்குத்தான் கம்பெனி அவருக்குப் பணம் தருகிறது.